விதையில்லாப் பழத்தின் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் நிகழ்த்திய உரை. மலருக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா. நீ இன்ஜினியர், ஏதாவது தொழில்நுட்பமா பேசு. ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். "வாழைப்பழத்தைப் பத்திப் பேசறேண்ணே" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. அவர் கவலைப்பட்டது நியாயம்தான். இன்ஜினியருக்கும் வாழைப்பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் பலருக்கும் தோன்றும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பிழைப்பு ஆய்வகக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும். அவற்றில் ஒன்று ஃப்ளோ சைட்டோமீட்டர். மருத்துவமனைகளில் ரத்த அணுக்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றையின் குறுக்கே ஓடவிட்டு எண்ணுவதற்குப் பயன்படுவது. எச்.ஐ.வி. நோயாளிக்கு சி.டி.4 அணுக்கள் எத்தனை என்று பார்ப்பது இதில்தான். இதே கருவி தாவர ஆய்வகங்களிலும் உண்டு. அப்படி ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆராய்ச்சி மாணவி ஒருவர் வாழை இலைத் துண்டைச் சவர பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார். "இதையாம்மா மெஷின்ல ஊத்தப்போறீங்க?" என்று பதறிக் கேட்டேன். "வடிகட்டித்தான் சார் ஊத்துவேன். இது எத்தனை செட்டுன்னு பாக்கணும்" என்றார்.

எத்தனை செட்டு? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அன்று முதல் படித்ததையும், அந்தத் துறை அறிஞர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப்போகிறேன்.

உயிரணுவுக்குள் உட்கரு இருக்கிறது, அதற்குள் குரோமோசோம்கள் இருக்கின்றன என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். நெற்பயிரை உருவாக்கும் குறிப்புகள் எல்லாம் 12 பாகங்கள் கொண்ட ஒரு கலைக்களஞ்சியமாக இருக்கின்றன. 12 பாகமும் சேர்ந்தால் ஒரு செட். தாய் வழியாக ஒரு செட், தந்தை வழியாக ஒரு செட், ஆக நெல்லின் ஒவ்வோர் அணுவிலும் 24. மனிதனுக்கு 23 பாகம், இரண்டு செட், 46. இதுதான் இருமடியம், டிப்ளாய்டு என்பது.

செடி கொடிகள் பல, இந்த இரண்டோடு நிற்பதில்லை. மூன்று செட், நான்கு செட், ஆறு செட், எட்டு செட் என்று வைத்துக்கொண்டு சௌக்கியமாக வாழ்கின்றன. இதைத்தான் பாலிபிளாய்டி என்கிறார்கள், தமிழ்ப் பாடநூல் பன்மடியம் என்கிறது. பாகங்களின் எண்ணிக்கை வேறு, செட்டுகளின் எண்ணிக்கை வேறு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாழைக்கு ஒரு செட் என்பது 11. நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு 33 குரோமோசோம்கள், அதாவது மூன்று செட்.

மூன்று செட் இருந்தால் என்ன ஆகும்? நம் வீட்டுப் பெண்கள் ஆடும் கோலாட்டத்தை நினைத்துப் பாருங்கள். மகரந்தமோ சூல் அணுவோ உருவாகும் முன், குரோமோசோம்கள் கோலாட்டத்துக்கு நிற்பது போல ஜோடி ஜோடியாக நிற்கும். 1-ஆம் நம்பரோடு 1-ஆம் நம்பர், 2-ஆம் நம்பரோடு 2-ஆம் நம்பர். பிறகு ஜோடி பிரிந்து, ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். இரு பக்கமும் சரியாக ஒரு செட் போய்ச் சேரும். இது குன்றல் பகுப்பு. இரண்டு செட் உள்ள செடியில் ஆட்டம் பிசகாது. நான்கு செட் இருந்தாலும் எப்படியோ இரண்டு இரண்டாகச் சமாளித்துவிடும். மூன்று செட் என்றால்? ஒவ்வொரு நம்பரிலும் ஓர் ஆள் ஜோடியில்லாமல் நிற்கிறார். அவர் இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம்.

இன்ஜினியர் என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிகவும் எளிமையாக்கிய கணக்குதான். 11 நம்பரிலும் மிஞ்சி நிற்கும் 11 பேரும் தற்செயலாக ஒரே பக்கம் போனால்தான் இரு பக்கமும் முழு செட்டுகளாக அமையும். நாணயத்தை 11 முறை சுண்டி, 11 முறையும் பூவே விழவேண்டும், அல்லது 11 முறையும் தலையே விழவேண்டும். அதற்கான வாய்ப்பு 1024-இல் ஒன்று. மகரந்தமும் சரியாக இருந்து, சூலும் சரியாக இருக்கவேண்டும் என்றால் 1024-ஐ 1024-ஆல் பெருக்குங்கள். பத்து லட்சத்துக்கும் மேலே போய்விடும். ஒரு நம்பர் குறைந்தோ கூடியோ இருக்கும் மற்ற அணுக்களில் பெரும்பாலானவை உருப்படுவதில்லை. ஆக, விதை உண்டாவதில்லை. அதோடு, விதை இல்லாமலே காய் பருத்துச் சதைப்பற்றாகும் குணமும் வாழையிடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததால்தான் நமக்கு வாழைப்பழம். மலைக்காடுகளில் வளரும் காட்டு வாழையை உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே கல்லுக் கல்லாகக் கறுப்பு விதைகள்தான் நிறைந்திருக்கும். நாம் பழத்தின் நடுவில் பார்க்கும் கறுப்புப் புள்ளிகள், விதையாக முயன்று முடியாமல் போனவை.

இந்த மூன்று செட்டுகளும் எங்கிருந்து வந்தன? நம் வாழைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மூதாதைகள். மூசா அக்யூமினேட்டா என்ற காட்டு வாழையின் செட்டை 'ஏ' என்றும், மூசா பால்பிசியானா என்ற காட்டு வாழையின் செட்டை 'பி' என்றும் குறிப்பார்கள். 1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இரு அறிஞர்கள், இலைக்காம்பின் குழிவு, பூமடலின் வடிவம் போன்ற 15 அடையாளங்களுக்கு மதிப்பெண் போட்டே ஒரு வாழையில் எத்தனை ஏ, எத்தனை பி என்று சொல்லும் முறையை வகுத்தார்கள். நம்ம ஊர்ப் பழக்கடையை அந்தக் கண்ணோடு பாருங்கள். குமரி மாவட்டத்து மட்டி ஏ-ஏ, இரண்டே செட். நெய்ப்பூவன் ஏ-பி, இதுவும் இரண்டு செட். செவ்வாழை ஏ-ஏ-ஏ. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் ஆகியவை ஏ-ஏ-பி. மொந்தனும் கற்பூரவள்ளியும் ஏ-பி-பி. பழமாகச் சாப்பிடுவது பூவன், பஜ்ஜிக்குப் போடுவது மொந்தன் என்று நம் பாட்டிமார்கள் பிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவுக்குள்ளே ஒளிந்திருந்தது இந்த எழுத்துக் கணக்கு.

இந்த இடத்தில் ஒரு சங்கதி சொல்லவேண்டும். எங்கள் அத்தை ஒருவர், கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றைக் காட்டி, "தம்பி, விதையில்லாப் பழம் சாப்பிட்டா வம்சம் விருத்தியாகாதாமே? மகளுக்கு இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்கு, தர்ப்பூசணி வாங்கவே பயமா இருக்கு" என்று கேட்டார். சிரிக்காதீர்கள். படித்தவர்களே இந்தச் செய்தியை நாலு பேருக்கு அனுப்பியிருந்தார்கள். "அத்தை, நீங்க பொறந்ததிலேருந்து வெத்தலை பாக்கோட வச்சுக் குடுக்கிறது எந்தப் பழம்? கல்யாணப் பந்தல்ல கட்டறது எந்த மரம்? பூவன் வாழைதானே? அதுக்கு விதை இருக்கா? வாழையடி வாழைன்னு வாழ்த்தறோமே, அந்த வாழையே விதையில்லாததுதான்" என்றேன். அத்தை சிறிது யோசித்து, "அதானே!" என்றார். சாப்பிட்ட பழத்தின் குரோமோசோம், வயிற்றில் செரித்துப்போகும். அது நம் அணுவுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதில்லை.

விதையில்லாத் தர்ப்பூசணியை மனிதன் எப்படிச் செய்தான் என்பதையும் கேளுங்கள். அதில் வேற்று உயிரின் மரபணுவை எடுத்துச் செருகும் வேலை எதுவும் இல்லை. ஜப்பானிய அறிஞர் கிஹாரா 1951-இல் வெளியிட்ட முறை அது. சாதாரணத் தர்ப்பூசணிக்கு 22. அதன் நாற்றின் குருத்தில் கால்சிசின் என்ற மருந்தை வைத்தால் 44 ஆகிறது. இந்த 44-ஐத் தாயாகவும் 22-ஐத் தந்தையாகவும் வைத்து ஒட்டுச் சேர்க்கிறார்கள். தாயிடமிருந்து 22, தந்தையிடமிருந்து 11, கிடைக்கும் விதையில் 33. அதை விதைத்தால் வருவது விதையில்லாப் பழம். வாழையில் இயற்கை செய்ததைத் தர்ப்பூசணியில் மனிதன் செய்தான், அவ்வளவே. ஒவ்வொரு பருவத்துக்கும் இந்த ஒட்டைப் புதிதாகக் கட்டவேண்டும். அதனால்தான் அந்த விதைக்கு விலை அதிகம்.

கால்சிசின் என்றேனே, அது எங்கிருந்து கிடைக்கிறது தெரியுமா? தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றெல்லாம் சொல்கிறோமே, அதே கொடி. அதன் விதையிலும் கிழங்கிலும் கால்சிசின் இருக்கிறது. நமக்குத் தெற்கே வேதாரண்யம் பக்கத்திலும், மேற்கே மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளிலும் விதைக்காகவே பயிரிட்டு மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். கௌட் என்னும் மூட்டுவலி நோய்க்கு அது மருந்து. அளவு மீறினால் உயிரைக் குடிக்கும் நஞ்சு. யாரும் வீட்டில் எடுத்து விளையாடிவிடாதீர்கள்.

அது வேலை செய்யும் விதம் சுவையானது. அணு இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நுண்ணிய கயிறுகள் போன்ற இழைகள் உருவாகும். கால்சிசின் அந்த இழைகள் கட்டப்படாமல் தடுத்துவிடுகிறது. குரோமோசோம்கள் இரட்டித்துவிட்டன, ஆனால் இழுக்கக் கயிறு இல்லை. எல்லாம் ஒரே அணுவில் தங்கிவிடுகின்றன. இரண்டு செட் நான்கு செட் ஆகிறது. இதை 1937-இல் பிளேக்ஸ்லீ, ஏவரி என்ற அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட பிறகு உலகமெங்கும் பயிர் ஆராய்ச்சிக்காரர்கள் கையில் இது ஒரு சாவி போல ஆயிற்று.

ஒரே இனத்தின் செட்டுகள் பெருகுவது ஒரு வழி. இரண்டு வேறு இனங்கள் கலந்து, இரண்டின் செட்டுகளும் ஒரே செடியில் நிலைத்துவிடுவது இன்னொரு வழி. அதை அயல் பன்மடியம் என்பார்கள். இன்று மதியம் சாப்பாடு தயாராகிக்கொண்டிருக்கிறது, வாசனை வருகிறது. அந்த இலையையே எடுத்துக்கொள்வோம். தாளித்த கடுகு 36. அது 20 உள்ள ஓர் இனமும் 16 உள்ள ஓர் இனமும் சேர்ந்து உண்டானது என்று 1935-இல் நாகஹாரு ஊ என்பவர் ஒரு முக்கோணம் போட்டு விளக்கினார். கேசரிக்குப் போட்ட ரவை, கோதுமையிலிருந்து வந்தது. கோதுமை மூன்று வகைப் புல்லின் செட்டுகள் சேர்ந்த ஆறு செட், 42. உருளைக்கிழங்கு நான்கு செட், 48. பிறகு குடிக்கும் காபியில் ரோபஸ்டாவுக்கு 22, அராபிகாவுக்கு 44. நீங்கள் உடுத்தியிருக்கும் வேட்டியும் விலக்கல்ல. நம் பழைய கருங்கண்ணிப் பருத்திக்கு 26. இன்று திருநள்ளாறு பக்கம் நெல் அறுத்த வயலில் போடும் பருத்திக்கு 52. பழைய உலகப் பருத்தியின் 26-உம், அமெரிக்கக் காட்டுப் பருத்தியின் 26-உம் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் கலந்ததன் வாரிசு அது. இலையில் இருக்கும் சோறும் தேங்காயும் மட்டும், 'நமக்கு இரண்டு செட் போதும்' என்று சாதுவாக இருக்கின்றன.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தது என்று தம்பி தங்கைகள் நினைத்துவிடக்கூடாது. இந்தத் துறையின் பெரிய அத்தியாயம் ஒன்று நம் கோயம்புத்தூரில் எழுதப்பட்டது. 1912-இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. ஏன் கோயம்புத்தூர்? கரும்பு அங்கே நன்றாகப் பூத்து விதை கொடுக்கும், வட இந்தியாவில் அப்படி விதை பிடிக்காது. நிலையத்தின் முதல் கரும்பு நிபுணர் பார்பர். அவருக்குப் பின் டி.எஸ்.வெங்கடராமன். இனிப்பும் சாறும் மிகுந்த உயர்சாதிக் கரும்பு வடக்கின் குளிருக்கும் வறட்சிக்கும் தாங்காது. ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நாணல் எதற்கும் அசராது, ஆனால் இனிப்பு கிடையாது. இரண்டையும் ஒட்டுச் சேர்த்தார்கள். 'வெள்ளை' என்ற கரும்புக்கும் நாணலுக்கும் பிறந்த கோ 205, 1918-இல் பஞ்சாபுக்கு வெளியிடப்பட்டது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். அந்த இரண்டெழுத்துப் பெயர் பிறகு உலகின் கரும்பு நாடுகளுக்கெல்லாம் போயிற்று.

இதன் உள்ளே ஒரு வேடிக்கை. உயர்சாதிக் கரும்புக்கு 80 குரோமோசோம்கள், எட்டு செட். கோயம்புத்தூர் நாணலுக்கு 64, அதுவும் எட்டு செட். பாதிக்குப் பாதி என்றால் பிள்ளைக்கு 40-உம் 32-உம் சேர்ந்து 72 இருக்கவேண்டும். எண்ணிப் பார்த்தால் 112! தாய்க் கரும்பு தன்னிடமிருந்த 80-ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது, நாணல் மட்டும் நியாயப்படி 32 கொடுத்தது. இரு இனக் கரும்பு ஒட்டில் இப்படி நடக்கிறது என்பதை ஜாவாவில் பணியாற்றிய பிரெமர் என்ற டச்சு அறிஞர் விளக்கினார். இனிப்பு குறையாமல் உறுதியும் சேர்ந்ததற்கு இந்தத் தாயின் தாராளமும் ஒரு காரணம்.

அந்த நிலையத்தில் 1934 முதல் 1939 வரை பணியாற்றியவர் இ.கே.ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அபூர்வமாக இருந்த காலம் என்பதை நினைவில் வையுங்கள். கரும்பை மக்காச்சோளத்தோடு கூட ஒட்டுச் சேர்த்துக் காட்டினார். பிறகு இங்கிலாந்து போய், டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் கால்சிசின் கொண்டு மாக்னோலியாவின் செட்டுகளைப் பெருக்கினார். அங்கே இன்றும் ஒரு மாக்னோலியாவுக்கு அவர் பெயர். நேருவின் அழைப்பில் 1951-இல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977-இல் பத்மஸ்ரீ. 1984-இல் மறைந்தார். தங்கைகளே, இந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பு என்றதும் நம் ஊரையும் சொல்லவேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களுக்காகக் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பலேறி ரியூனியன் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஏராளம். அதே ரியூனியனில் உருவான ஆர் 570 என்ற கரும்பின் மரபுத்தொகுதி 2024-இல்தான் விரிவாக வெளியிடப்பட்டது. மனிதனின் மரபுத்தொகுதியை 2003-லேயே பெரும்பாலும் படித்து முடித்தவர்களுக்குக் கரும்பைப் படிக்க இருபது ஆண்டுகள் கூடுதலாகப் பிடித்தது. ஒரே பாகம் பத்துப் பன்னிரண்டு பிரதிகளாக, ஒன்றுக்கொன்று சிறு எழுத்துப்பிழை வித்தியாசத்தோடு இருந்தால் எந்தப் பக்கம் எந்தப் பிரதியைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பது லேசா?

நிற்க. இவ்வளவு கேட்டதும், "அப்படியானால் எல்லாப் பயிரையும் இரட்டித்துவிட வேண்டியதுதானே?" என்று தோன்றும். நல்ல கேள்வி. செட் கூடினால் அணு பெரிதாகும், இலை தடிக்கும், பூவும் காயும் சில சமயம் பெருக்கும். ஆனால் நெல்லை நான்கு செட் ஆக்கிப் பார்த்தார்கள். மணி பெரிதாக இருந்தது, கதிரில் பதர் மிகுந்துவிட்டது. கோலாட்டத்தில் ஜோடி மாறிப்போகும் சிக்கல்தான். எங்கள் தொழிலிலும் அப்படித்தான், உபரிப் பாகம் ஒன்று இருந்தால் பாதுகாப்பு. பத்து இருந்தால் எதை எங்கே மாட்டுவது என்பதே ஒரு வேலை.

வாழை கொடுக்கும் விலை இன்னும் பெரிது. விதையில்லை என்றால் கன்று வைத்துத்தான் பெருக்கவேண்டும். கன்று என்பது தாயின் நகல். ரஸ்தாளித் தோப்பில் ஆயிரம் மரம் நின்றால், உள்ளே ஒரே மரம் ஆயிரம் முறை நிற்கிறது என்று அர்த்தம். ஒன்றைக் கொல்லத் தெரிந்த நோய் ஆயிரத்தையும் கொல்லும். பனாமா வாடல் என்ற பூஞ்சை நோய் மண்ணில் பல ஆண்டுகள் தங்கும், அதற்குத் தெளிக்கும் மருந்து கிடையாது. ஒரு காலத்தில் ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோ மிஷல் என்ற வாழை இந்த நோயால் 1950-களில் சந்தையை விட்டே வெளியேறியது. அதன் இடத்தில் வந்ததுதான் கேவண்டிஷ், நாம் மோரிஸ், ரொபஸ்டா என்று வாங்குவதெல்லாம் அந்தக் குடும்பம். இப்போது டி.ஆர்.4 என்ற புதிய வகைப் பூஞ்சை கேவண்டிஷையும் தாக்குகிறது, இந்தியாவில் பீகாரில் காலூன்றியிருக்கிறது. நம் ரஸ்தாளியோ பழைய வகைப் பூஞ்சைக்கே தாங்காது. வாடல் வந்த தோப்பில் ரஸ்தாளியைத் திரும்ப வைக்க விவசாயி அஞ்சுவது அதனால்தான்.

புது ரகம் உண்டாக்கலாமே என்றால், விதையே இல்லாத செடியை எப்படி ஒட்டுச் சேர்ப்பது? மட்டி போன்ற இரண்டு செட் வாழைகளும் காட்டு வாழைகளும் இங்கேதான் உதவிக்கு வருகின்றன. அவற்றில் விதையோ மகரந்தமோ உண்டு. அவற்றை நான்கு செட் ஆக்கி, இரண்டு செட்டோடு சேர்த்து, நோய் தாங்கும் மூன்று செட்டைப் பெறலாம். திருச்சியில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இத்தகைய வேலைகளைச் செய்துவருகிறது. அதனால்தான் யாரும் சீண்டாத பழைய வாழை ஒன்று அழிந்தால், ஒரு பழம் மட்டும் போவதில்லை. நாளைய வாழைக்கான ஒரு கதவு மூடப்படுகிறது.

கடைசியாக நம் வயலுக்கு வருகிறேன். காவிரியின் கடைமடை நாம். அரசலாறும் நாட்டாறும் திருமலைராயனாறும் கொண்டுவந்து சேர்க்கும் நீர்தான் நமக்கு. 2007-இல் நடுவர் மன்றமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் புதுச்சேரி மாநிலத்துக்கு என்று ஒதுக்கியது 7 டி.எம்.சி. மேலிருந்து நல்ல தண்ணீர் குறைந்தால், கிழக்கிலிருந்து உப்பு ஏறும். 2004 டிசம்பர் 26-இல் கடல் என்ன செய்தது என்பதை இந்த ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடல்நீர் நின்று வற்றிய வயலில் நெல் கருகியதைப் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

உப்பைத் தாங்கும் நெல் உண்டா? கேரளத்தின் பொக்காளி உண்டு. அதற்கும் 24, நம் நெல்லுக்கும் 24. ஒட்டுச் சேர்ப்பது எளிது, அதன் குணத்தைப் பல ரகங்களுக்கு ஏற்றியும் இருக்கிறார்கள். அதைவிட வல்லவன் ஒருவன் இருக்கிறான். ஒரைசா கோவார்க்டாட்டா என்ற காட்டு நெல், சுந்தரவனம் போன்ற கழிமுகச் சேற்றில் கடல்நீர் ஏறி இறங்கும் இடத்திலேயே வளர்வது. இலையில் உள்ள நுண்ணிய மயிர்கள் வழியே உப்பை வெளியே தள்ளிவிடும். ஆனால் அதற்கு 48, நான்கு செட். அதிலும் நம் நெல்லின் செட்டோடு சேராத வேறு வகை. நெல்லோடு ஒட்டுச் சேர்த்தால் கரு கருகிவிடும். 2013-இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், பல்லாயிரம் ஒட்டுகளுக்குப் பிறகு, கருவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து ஒரு செடியைப் பிழைக்க வைத்ததாக அறிவித்தது. பிழைத்த செடி வயலுக்கு வரும் ரகமாக, அதைத் திரும்பத் திரும்ப நம் நெல்லோடு சேர்த்து, தேவையானதை மட்டும் தங்கவைக்கவேண்டும். நீண்ட வேலை. 48-க்கும் 24-க்கும் நடுவே இருக்கும் அந்தப் பள்ளத்தைத் தாண்டுவது நம் கடைமடைக்குச் சோற்றுப் பிரச்சினை. பாடப்புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக மட்டும் இதைப் பார்க்காதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

தம்பி தங்கைகள் கேட்கலாம், "அண்ணே, நாங்க என்ன செய்யறது? உங்க மெஷின் லட்சக்கணக்குல விலையாச்சே?" உண்மைதான். அந்தக் கருவியில் இலையை நறுக்கி, வடிகட்டி, ஒளிரும் சாயம் ஏற்றி ஓடவிட்டால், சாயத்தின் அளவை வைத்து இரண்டு செட்டா, மூன்றா, நான்கா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். இரண்டு செட் வாழை 100 என்ற இடத்தில் கோபுரம் காட்டினால், மூன்று செட் ஏறக்குறைய 150-இல் காட்டும். ஆனால் 33-இல் ஒன்று குறைந்து 32 ஆகியிருந்தால் அது எளிதில் பிடிபடாது. அதற்கு நுண்ணோக்கியும், பொறுமையும், மனிதக் கண்ணும்தான் வேண்டும். காலையில் எடுத்த வேர் நுனி, ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும், அசெட்டோகார்மின் சாயம், கண்ணாடிச் சில்லு, மேலே கட்டைவிரலின் அழுத்தம். ஜானகி அம்மாள் காலத்து முறை. வெங்காய வேரில் 16-ஐ எண்ணிப் பழகிய கை, வாழை வேரில் 33-ஐயும் எண்ணிவிடும்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி வளாகத்தில் சும்மா கிடக்கும் இடத்தில் ஐந்து குழி வெட்டுவோம். மட்டி, நெய்ப்பூவன், செவ்வாழை, பூவன், மொந்தன். ஏ-ஏ, ஏ-பி, ஏ-ஏ-ஏ, ஏ-ஏ-பி, ஏ-பி-பி. ஐந்து வகைக்கும் நோயில்லாத கன்று வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. ஒவ்வொன்றின் கீழும் பெயரும் எண்ணிக்கையும் எழுதிய பலகை வைப்போம். எந்தத் துறை மாணவரும் போய்ப் பார்க்கட்டும், வேர் எடுத்து எண்ணட்டும், பலகையில் இருப்பது சரியா என்று சோதிக்கட்டும். குலை தள்ளினால் விடுதிக்குக் கொடுத்துவிடலாம். அடுத்த கூடுகைக்குள் செய்துவிட முடியும் என்று நம்புகிறேன். மண்வெட்டி பிடிக்க முன்வரும் தம்பிகள் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.